4–20 மில்லி ஆம்பியர் இன்புட்: பாலிஃபியூஸ் போட்டும் ரெசிஸ்டர் கருகுகிறது, என்ன செய்யலாம்?

கப்பலூர் லாகர் எழுதியது:

வணக்கம். கப்பலூர் சிட்கோவில் சின்னப் பட்டறை வைத்து எட்டு சேனல் டேட்டா லாகர் (சென்சார் அளவுகளைப் படித்துப் பதியும்) போர்டு செய்து தருகிறேன். அரிசி ஆலைகள், பால் குளிரூட்டும் இடங்கள், ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிகள், இப்படித்தான் போகிறது. எல்லாமே இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் (அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்டாக அனுப்பும் சென்சார்), 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை.

வாடிப்பட்டி தாண்டி ஒரு புழுங்கல் அரிசி ஆலை. உமி பாய்லர். ஸ்டீம் பிரஷருக்கு 0–16 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) டிரான்ஸ்மிட்டர் போட்டிருக்கிறார்கள். என் போர்டில் அது மூன்றாவது சேனல். மற்ற ஏழும் நன்றாக ஓடுகின்றன, இந்த மூன்று மட்டும் எரிந்து எரிந்து திரும்பி வருகிறது. கரண்டை வோல்ட்டாக மாற்றும் 250 ஓம், 0.1 சதவீத, கால் வாட் ரெசிஸ்டர் கரிக்கட்டையாகி, அதன் கீழே போர்டே பழுப்பேறிக் கிடக்கிறது. சில போர்டுகளில் அந்த வோல்ட்டை எண்ணாக்கும் ஏ.டி.சி. சிப்பும் சேர்ந்து போயிருக்கிறது.

பாதுகாப்பே இல்லாமல் விடவில்லை. டெர்மினலுக்கு அடுத்து வரிசையில் 50 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் (சூடானால் தடை கூடிக் கரண்டைக் குறைத்து, ஆறினால் தானே மீள்கிற ஃபியூஸ்) இருக்கிறது. டேட்டா ஷீட்டில் ஹோல்ட் (தடுக்காமல் விடும் கரண்ட்) 50, டிரிப் (தடுக்கும் கரண்ட்) 100, 60 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு 250 ஓம், அதன் மேல்முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஏ.டி.சி. டிரான்ஸ்மிட்டர் வயர் ஷார்ட் ஆனால் பாலிஃபியூஸ் பார்த்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்.

புரியாத விஷயங்கள் சில உண்டு. ஒருநாள் மத்தியானம் போனபோது டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டு நல்ல ஷார்ட். ஆனால் ரெசிஸ்டர் எரியவில்லை, டிஸ்பிளேயில் 3 கிலோ போலக் காட்டிக்கொண்டிருந்தது. பாய்லர் மேலே இருக்கிற டயல் கேஜில் 7 கிலோ. அதே மாதிரி ஷார்ட் ராத்திரி நடந்தால் மட்டும் காலையில் ரெசிஸ்டர் கருகிக் கிடக்கிறது. பட்டறையில் ஏ.சி. அறையில் மேசை மேல் வைத்து ஷார்ட் செய்து பார்த்தால் பாலிஃபியூஸ் டிரிப் ஆகவே மறுக்கிறது. வேறு பேட்ச் வாங்கியும் பார்த்தாயிற்று.

250 ஓமுக்குக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் (வோல்ட்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் பிடிக்கும் டயோடு) போட்டும் பார்த்தேன். 20 மில்லி ஆம்பியர் கொடுத்தால் ரீடிங் குறைவாக வந்தது, 12க்குக் கீழே சரியாக இருந்தது. அதோடு ஷார்ட் செய்த உடனே ஜீனர் செத்துவிட்டது.

ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஐசொலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு மின் இணைப்பைப் பிரிப்பது) போட்டால் தீரும் என்கிறார்கள். அந்த விலைக்கு என் போர்டே வந்துவிடும். ஆலைக்காரர் அவ்வளவு கொடுக்க மாட்டார். போர்டுக்குள்ளேயே தீர்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழங்காநத்தம் பேனல் எழுதியது:

அண்ணே, பாலிஃபியூஸை நம்பாதீங்க. கிளாஸ் ஃபியூஸ் 63 மில்லி ஆம்பியர் போட்டு, ஃபியூஸ் ஹோல்டரோடு டெர்மினலிலேயே வைத்துவிடுங்கள். போனால் மாற்றிக்கொள்ளட்டும். நாங்கள் பேனலில் அப்படித்தான் கொடுக்கிறோம்.

---

திருநகர் இன்ஸ்ட்ருமென்ட் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் மற்றவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகக்கூடிய ஒரு வரி இருக்கிறது. ஷார்ட் ஆன வயரோடு டிஸ்பிளே 3 கிலோ காட்டியது என்றீர்களே, ரெசிஸ்டர் எரிவதைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எரிவது ஏன் என்று பார்ப்போம்.

கணக்குப் போடுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஷார்ட் ஆனால் முழு 24 வோல்ட்டும் உங்கள் பாலிஃபியூஸ், 250 ஓம் இரண்டின் மேலும் விழும். அந்த அளவு பாலிஃபியூஸின் தடை சுமார் 7 முதல் 11 ஓம் வரை இருக்கும். 9 என்று வைத்தால் மொத்தம் 259 ஓம். ஓடுகிற கரண்ட் 92, 93 மில்லி ஆம்பியர். டேட்டா ஷீட்டில் டிரிப் 100 என்று போட்டிருப்பதற்குப் பொருள், 20 டிகிரியில் 100 வந்தால் கட்டாயம் டிரிப் ஆகும் என்பது. 50க்கும் 100க்கும் நடுவே அது டிரிப் ஆகலாம், ஆகாமலும் போகலாம், எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் ஷார்ட் கரண்ட் சரியாக அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பேட்ச் மாற்றிப் பயனில்லை. 250 ஓமே கரண்டைக் குறைத்து, பாலிஃபியூஸை வேலை செய்யவிடாமல் வைத்திருக்கிறது. அந்த 92 மில்லி ஆம்பியரில் 250 ஓமில் இரண்டு வாட்டுக்கு மேல் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் எத்தனை நேரம் தாங்கும்?

மத்தியானம் ஏன் எரியவில்லை என்றால், பாலிஃபியூஸ் சூட்டில் வேலை செய்கிற சாதனம். சுற்றிலும் சூடு ஏற ஏற அதன் ஹோல்டும் டிரிப்பும் இறங்கும். 60 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிடும். பாய்லர் பக்கத்துச் சுவரில், சித்திரை வெயிலில், மூடிய பேனலுக்குள் 55 டிகிரி சாதாரணம். அங்கே 70 மில்லி ஆம்பியருக்கே டிரிப் ஆகிவிடும், ஆகவே 92 போதும். ராத்திரி பாய்லரை அணைத்த பிறகு பேனல் 30 டிகிரிக்கு இறங்குகிறது, டிரிப் ஆவதும் ஆகாததும் அதன் இஷ்டம். உங்கள் ஏ.சி. அறையில் கேட்கவே வேண்டாம்.

பழங்காநத்தம் தம்பி சொன்ன 63 மில்லி ஆம்பியர் கிளாஸ் ஃபியூஸும் இங்கே காப்பாற்றாது. 92 என்பது 63-இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 5க்கு 20 மில்லி மீட்டர் கிளாஸ் ஃபியூஸுக்கான ஐ.இ.சி. தரத்தில், ஒன்றரை மடங்கு கரண்டை அது குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கியாக வேண்டும் என்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ரெசிஸ்டர் கரியாகிவிடும், ஃபியூஸ் முழுசாக இருக்கும். 32 மில்லி ஆம்பியர் போட்டால் சீக்கிரம் போகும்தான், ஆனால் அவ்வளவு சின்ன ஃபியூஸில் தடை மிக அதிகம். அப்புறம் ஆலையில் நடப்பது நமக்குத் தெரியாததா? ஃபியூஸ் போனால் அதே அளவு வாங்க யாரும் டவுனுக்கு வரமாட்டார்கள், ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நெல் அவித்து நிற்கிறது, அவர்களுக்கு அந்த நேரத்தில் மெஷின் ஓட வேண்டும். ஆளில்லாமல் தானே மீள்கிற பாதுகாப்புதான் அங்கே சரி.

ஜீனர் விஷயம். ஐந்து வோல்ட் பக்கம் உள்ள ஜீனர்கள் தங்கள் வோல்ட்டேஜுக்கு முன்பே கசிய ஆரம்பிக்கும். உங்கள் சிக்னலோ 20 மில்லி ஆம்பியரில் சரியாக 5 வோல்ட். 16 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே உங்கள் அளவீட்டில் 0.1 சதவீதம் போய்விடும். ஜீனருக்குப் பதில் டி.வி.எஸ். டயோடு (திடீர் ஸ்பைக்கைப் பிடிக்கும் டயோடு) என்று எஸ்.எம்.பி.ஜே. 5.0 போட்டால் இன்னும் மோசம். அதன் டேட்டா ஷீட்டில் 5 வோல்ட்டில் 800 மைக்ரோ ஆம்பியர் வரை கசியலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஐந்து சதவீதம். ஜீனர் செத்ததற்குக் காரணமும் எளிது: அது 5 வோல்ட்டில் பிடித்து நிறுத்த, மிச்சம் 19 வோல்ட்டும் 9 ஓம் பாலிஃபியூஸின் மேல். இரண்டு ஆம்பியர் பாயும். பாலிஃபியூஸ் சூடாகி விழிப்பதற்குள் அரை வாட் ஜீனர் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது அந்த 3 கிலோ. பாலிஃபியூஸ் டிரிப் ஆனால் சர்க்யூட் அறுந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அறுவதில்லை. அது தன்னைச் சூடாகவே வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும். இந்த அளவுக்கு அது தின்கிற பவர் சாதாரண வெப்பத்தில் கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 24 வோல்ட்டில் அதற்கு 9, 10 மில்லி ஆம்பியர் வேண்டும். பேனல் ஏற்கனவே சூடாக இருந்தால் குறைவாகவே போதும், 7 பக்கம். உங்கள் டிரான்ஸ்மிட்டர் 0–16 கிலோ, லூப்பும் 4 முதல் 20 வரை, அதாவது 16 மில்லி ஆம்பியர் அகலம். மில்லி ஆம்பியரில் நாலைக் கழித்தால் கிலோ. ஏழில் நாலு போனால் மூன்று. நீங்கள் பார்த்த 3 கிலோ ஸ்டீம் பிரஷர் கிடையாது, பாலிஃபியூஸ் தன் சூட்டைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட கரண்ட்.

இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பாய்லரில் 7 கிலோ இருக்கிறது, திரையில் 3. டயல் கேஜும் சேஃப்டி வால்வும் தனியாக இருப்பதால் உயிருக்கு உடனே பங்கம் இல்லை. ஆனால் அந்தப் பாய்லர்காரர் திரையைப் பார்த்து உமியைக் கூட்டினால்? நாளைக்கு யாராவது உங்கள் லாகரின் ரிலேயை வைத்து ஃபேன் ஓட்டினால்? ரெசிஸ்டர் எரிந்தால் சேனல் செத்தது என்று எல்லாருக்கும் தெரியும். போர்டு பிழைத்துக்கொண்டு, பொய்யான ஆனால் நம்பும்படியான ஒரு எண்ணைக் காட்டினால் யாருக்கும் தெரியாது. நான் மில்லிலும் ஆலையிலும் இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவன். என்னைப் பொறுத்தவரை போர்டைக் காப்பது பாதி வேலைதான். வயர் கோளாறு வந்தால் அது கோளாறு என்று திரையில் தெரிய வேண்டும், அதுதான் மீதிப் பாதி.

ஆகவே என் யோசனை இரண்டு. இப்போது களத்தில் இருக்கிற போர்டுகளுக்கு: 250 ஓமை எடுத்துவிட்டு 100 ஓம் போடுங்கள். 20 மில்லி ஆம்பியருக்கு 2 வோல்ட், ஏ.டி.சி.க்குப் போதும், சாஃப்ட்வேரில் பெருக்கலை மாற்றினால் ஆயிற்று. ஷார்ட்டில் கரண்ட் 220 ஆகிவிடும், குளிர் அறையிலும் பாலிஃபியூஸ் கட்டாயம் டிரிப் ஆகும். ஆனால் சில வினாடி எடுக்கும், அதுவரை 100 ஓமில் ஐந்து வாட். அதற்காக அதன் குறுக்கே ஒருதிசை டி.வி.எஸ்., எஸ்.எம்.பி.ஜே. 10. நம் சிக்னல் 2 வோல்ட்டிலேயே நிற்பதால் அதன் கசிவு கணக்கில் வராது, 10 வோல்ட்டிலேயே 5 மைக்ரோ ஆம்பியர்தான். ஷார்ட்டில் அது 11, 12 வோல்ட்டில் பிடிக்கும்போது பாலிஃபியூஸில் ஒரு ஆம்பியருக்கு மேல் பாயும், நொடிக்குள் டிரிப். பிளஸ்–மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் அதே டி.வி.எஸ். சாதாரண டயோடு போல வேலை செய்து பாலிஃபியூஸைத் தட்டிவிடும். ஏ.டி.சி.க்குப் போகும் 1 கிலோ ஓமை 10 கிலோ ஆக்கி, பி.ஏ.வி. 199 டயோடு ஜோடியை 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கட்டுங்கள். அந்த இடத்தில் ஷாட்கி டயோடு வேண்டாம், சூட்டில் கசிந்து 10 கிலோ ஓமில் ரீடிங்கை நகர்த்தும். பி.ஏ.வி. 199 கசிவுக்காகவே செய்தது.

டிரிப் ஆன பிறகும் அந்த 9 மில்லி ஆம்பியர் பொய் இருக்கத்தான் செய்யும். ஆகவே சாஃப்ட்வேரில், 21 மில்லி ஆம்பியருக்கு மேல் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தச் சேனலைக் கோளாறு என்று பூட்டிவிடுங்கள், ஆள் வந்து திறக்கும் வரை எண் காட்டக் கூடாது. வாட்ச்டாக் (போர்டு நின்றுபோனால் தானே மறுபடி தொடங்க வைப்பது) ரீசெட் ஆனாலும் மறக்காதபடி மெமரியில் எழுதுங்கள். ஆட்டோமேஷன் பயனாளர் சங்கமான நாமூரின் என்.இ. 43 பரிந்துரையிலும் 3.6க்குக் கீழே, 21க்கு மேலே என்றால் கோளாறு, 3.8 முதல் 20.5 வரைதான் அளவீடு.

இரண்டாவது யோசனையைச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

---

கப்பலூர் லாகர் எழுதியது:

அண்ணே, அந்த 3 கிலோ கணக்கைப் படித்ததும் மேசையில் ஹீட் கன் வைத்துப் பார்த்தேன். பாலிஃபியூஸைச் சூடாக்கிவிட்டு ஷார்ட் செய்தால் டிரிப் ஆகிறது. சூட்டைக் கூட்டினால் ரீடிங் 6 மில்லி ஆம்பியர் பக்கம் இறங்குகிறது, ஆற விட்டால் மெதுவாக 9 வரை ஏறுகிறது. அப்படியே பிரஷர் ஏறுகிற மாதிரியே தெரிகிறது.

ஒரு சிக்கல். என் லாகர் ஒரு சேனலை இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் படிக்கிறது. டி.வி.எஸ். போட்டு நொடிக்குள் டிரிப் ஆகிவிட்டால் அந்த 21க்கு மேல் போன நேரத்தை நான் பார்க்காமலே விட்டுவிடுவேனே?

---

திருநகர் இன்ஸ்ட்ருமென்ட் எழுதியது:

விட்டுவிடுவீர்கள். சரியான கேள்வி. பழைய போர்டுகளில் ஸ்கேனை வேகப்படுத்திச் சமாளியுங்கள். புதிய போர்டில் பாலிஃபியூஸை நம்பாத வழிக்கு வாருங்கள், அதுதான் நான் சொல்ல வந்த இரண்டாவது யோசனை: கரண்ட் லிமிட்டர்.

ஒரு என் சேனல் மாஸ்ஃபெட், ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு ஜீனர். இரண்டே முனை உள்ள சர்க்யூட், தனி சப்ளை கேட்காது. லூப் கரண்ட் மாஸ்ஃபெட்டின் டிரெயினில் நுழைந்து சோர்ஸ் வழியாக 22 ஓம் ரெசிஸ்டரில் போய், அங்கிருந்து 100 ஓம் ஷன்டுக்கு (கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்). கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே 100 கிலோ ஓம். என்.பி.என். டிரான்சிஸ்டரான பி.சி. 847-இன் கலெக்டர் கேட்டில், பேஸ் சோர்ஸில், எமிட்டர் 22 ஓமின் மறுமுனையில். கேட்–சோர்ஸ் குறுக்கே 12 வோல்ட் ஜீனர். அவ்வளவுதான்.

22 ஓமில் 0.6 வோல்ட் விழுந்தால், அதாவது 27 மில்லி ஆம்பியர் பக்கம் வந்தால், டிரான்சிஸ்டர் திறந்து கேட்டைக் கீழே இழுக்கும். அதற்கு மேல் கரண்ட் போகாது. ஷார்ட் எத்தனை நாள் இருந்தாலும் 100 ஓமில் 0.07 வாட்தான், மேலே 2.7 வோல்ட், 3.3 வோல்ட் ஏ.டி.சி. அதைச் சாதாரணமாகப் படிக்கும். ரீடிங் 27-இலேயே நிற்பதால் கோளாறு திரையில் எழுதி ஒட்டியது போலத் தெரியும். இரண்டு வினாடிக்கு ஒருமுறை படித்தாலும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தாலும் தப்பாது. ஷார்ட்டை எடுத்த கணமே நல்ல ரீடிங்குக்குத் திரும்பிவிடும்.

துல்லியம் கெடுமோ என்று பயப்பட வேண்டாம். 100 கிலோ ஓமில் போவது, பேஸில் போவது, ஜீனரில் கசிவது எல்லாமே கடைசியில் அந்த எமிட்டர் முனைக்குத்தான் வந்து சேர்கின்றன. உள்ளே நுழைந்த கரண்ட் முழுவதும் ஷன்டில் ஓடுகிறது. இழப்பது வோல்ட்டேஜ் மட்டும். மாஸ்ஃபெட்டில் 2 வோல்ட், 22 ஓமில் அரை வோல்ட், பிளஸ்–மைனஸ் மாறினால் தடுக்க முன்னால் ஒரு 1 என் 4007 டயோடு போட்டால் அதில் 0.7, ஷன்டில் 2. ஐந்தேகால் வோல்ட் என்று வையுங்கள். 24-இல் அது போனால் மிச்சம் 18க்கு மேல். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் 12 வோல்ட் இருந்தால் ஓடும். எதற்கும் உங்கள் டிரான்ஸ்மிட்டரின் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு ஏறினால் அந்த 0.6 வோல்ட் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் இறங்கும். 60 டிகிரியில் லிமிட் 24, 25க்கு வரும். 21க்கு மேல் இருப்பதால் பரவாயில்லை. 27 ஓம் போட்டுவிடாதீர்கள், சூட்டில் லிமிட் 20க்கு வந்து நல்ல சிக்னலையே நசுக்கும்.

டெர்மினலில் மின்னல், மோட்டார் ஸ்பைக்குக்கு எஸ்.எம்.பி.ஜே. 33 ஒன்று போடுங்கள். அது 24 வோல்ட்டைக் கண்டுகொள்ளாது, அதன் வேலை வேறு. மாஸ்ஃபெட் 100 வோல்ட் வகையாக இருக்கட்டும்.

---

செக்கானூரணி வயரிங் எழுதியது:

போர்டு செய்கிறவர்கள் பேசுகிற இடத்தில் வயர் இழுக்கிறவன் ஒன்று சொல்லலாமா? ஷார்ட் எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அரிசி ஆலையில் முதல் காரணம் எலி. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், டக்டில் கேபிளைக் கடித்துவிடும், இரண்டு கோரும் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது ஐப்பசி மழையில் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இறங்குகிற தண்ணீர். கிளாண்டை (கேபிள் நுழையும் வாய்) மேல்பக்கமாகப் போட்டிருப்பார்கள், கேபிளைத் தொடர்ந்து தண்ணீர் நேராக உள்ளே வரும். கீழ்ப்பக்கம் கிளாண்ட் போட்டு, கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மூன்றாவது எங்கள் கையால் நடப்பது. ரீடிங் சந்தேகமாக இருந்தால் மில்லி ஆம்பியர் பார்க்கச் சொல்வார்கள். முறைப்படி வயரைக் கழற்றி, மீட்டரை நடுவில் வைக்க வேண்டும். பாய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்குரூ துருப்பிடித்து இறுகியிருக்கிறது, ஒரு கையில் டார்ச். கழற்றினால் அலாரம் வரும், முதலாளி கத்துவார். அவசரத்தில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து டிரான்ஸ்மிட்டரின் இரண்டு முனையிலும் தொட்டுவிடுவார்கள். மீட்டர் அந்த நிலையில் வெறும் வயர் மாதிரிதான். முழு 24 வோல்ட்டும் போர்டுக்குப் போகும். தொட்டவருக்குத் தான் ஷார்ட் செய்தோம் என்பதே தெரியாது, ஏனென்றால் மீட்டரில் 90 என்று ஏதோ ஒரு எண் வருகிறது, அவர் டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்.

சில டிரான்ஸ்மிட்டரில் டெஸ்ட் என்று தனி முனை இருக்கும், உள்ளே ஒரு டயோடின் குறுக்கே எடுத்துவிட்டிருப்பார்கள். அதில் மீட்டர் வைத்தால் வயரைக் கழற்றாமலே மில்லி ஆம்பியர் வரும். அதே மாதிரி உங்கள் போர்டில் ஒரு இடம் கொடுங்கள். இல்லையென்றால் 100 ஓமின் இரண்டு பக்கமும் மீட்டர் முள் நுழைகிற மாதிரி இரண்டு துளை, பக்கத்தில் "0.4 வோல்ட் முதல் 2 வோல்ட் வரை" என்று எழுதிவிடுங்கள். வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் எதுவும் எரியாது. எங்கள் பையன்கள் எல்லாருக்கும் வோல்ட் பார்க்கத் தெரியும்.

---

திருநகர் இன்ஸ்ட்ருமென்ட் எழுதியது:

செக்கானூரணித் தம்பி, எனக்குத் தோன்றாத விஷயம், அருமை. அந்த இரண்டு துளையைக் கட்டாயம் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே 1 கிலோ ஓம் தொடரில் போட்டு. அப்போது யாராவது அதிலும் மில்லி ஆம்பியரில் வைத்துத் தொட்டாலும் சேதம் இல்லை.

இன்னொன்று. வயருக்குப் போகிற பிளஸ் 24-ஐயும் சேனலுக்குச் சேனல் பிரித்துக் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாலிஃபியூஸ். எலி கடித்த கோர், கேபிளின் ஆர்மர் என்ற உலோக உறையிலோ எர்த்திலோ பட்டால் கரண்ட் உங்கள் இன்புட்டுக்கு வராமலே சப்ளையைக் கீழே இழுக்கும், எட்டு சேனலும் ஒன்றாகச் சாகும். அந்த இடத்தில் பாலிஃபியூஸ் சரியான ஆள். பிளஸ் பக்கம் எர்த்தானால் இன்புட்டுக்குக் கரண்டே வராது, ரீடிங் 3.6க்குக் கீழே விழும், அதுவும் கோளாறு என்று தெரிந்துவிடும்.

---

பழங்காநத்தம் பேனல் எழுதியது:

ஒன்றரை மடங்குக்கு ஒரு மணி நேரம் தாங்கும் என்பது இதுவரை என் கண்ணில் படவில்லை. ஃபியூஸ் போட்டால் முடிந்தது என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்கிறோம். சரி, 230 வோல்ட் தவறிப் பட்டால் இந்த லிமிட்டர் தாங்குமா அண்ணே?

---

திருநகர் இன்ஸ்ட்ருமென்ட் எழுதியது:

தாங்காது. 33 வோல்ட் டி.வி.எஸ். முதலில் போகும், அப்புறம் மற்றவை. தாங்க வைக்கலாம், தொலைபேசி லைனுக்கென்று வருகிற 250 வோல்ட் பாலிஃபியூஸைத் தொடரில் போட்டு. ஆனால் என் கருத்து, 230-ஐ அந்தப் பக்கமே வரவிடாதீர்கள். ரிலே டெர்மினல் போர்டின் ஒரு ஓரம், அனலாக் மறு ஓரம். கழற்றி மாட்டுகிற கனெக்டராக இருந்தால் இரண்டுக்கும் பிட்ச் வேறாக வாங்குங்கள், ஒன்று மற்றொன்றில் நுழையவே கூடாது. கேபிளும் வேறு வேறு டக்டில்.

---

கப்பலூர் லாகர் எழுதியது:

லிமிட்டரை டாட் போர்டில் சாலிடர் செய்து பார்த்துவிட்டேன். கையில் இருந்த 100 வோல்ட் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட், பி.சி. 847, 22 ஓம். அறையில் ஷார்ட் செய்தால் 28 மில்லி ஆம்பியர். ஹீட் கன்னில் 60 டிகிரிக்கு ஏற்றினால் 25. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. பிளஸ்–மைனஸ் மாற்றினால் கரண்டே போகவில்லை. 4, 12, 20 மூன்றிலும் காலிபரேட்டரோடு ஒத்துப் போகிறது. திரையில் எண்ணுக்குப் பதில் "வயர் ஷார்ட்" என்று வர வைத்திருக்கிறேன், 3.6க்குக் கீழே போனால் "வயர் கட்".

மாஸ்ஃபெட் மட்டும் விரல் வைக்க முடியாத சூடு. டாட் போர்டில் அது வெறும் காலில் நிற்கிறது. புதிய போர்டில் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்?

---

திருநகர் இன்ஸ்ட்ருமென்ட் எழுதியது:

ஷார்ட்டில் ஒன்றுக்கு அரை வாட்டுக்குச் சற்று மேல். டீபேக் என்ற பெரிய உறை வகை எடுத்து, டிரெயின் பட்டைக்கு அடியில் நகத்தைப் போல நாலு மடங்கு செம்பு விட்டு, கீழ்ப்பக்கத்துக்கும் வயா போட்டு இறக்குங்கள். சோட்–23 என்ற குட்டி அளவில் வாங்கிவிடாதீர்கள். எட்டும் ஒரே நேரத்தில் ஷார்ட் ஆகாது என்று விடவும் கூடாது, யாராவது பிளஸ் 24 பட்டையை இன்புட் பட்டையோடு சேர்த்து முறுக்கினால் எட்டும் ஆகும். மொத்தம் நாலரை, ஐந்து வாட். மாஸ்ஃபெட்களை டெர்மினல் ஓரமாக வரிசையாக வைத்து, 100 ஓம் ஷன்டையும் ஏ.டி.சி. ரெஃபரன்ஸையும் அந்தச் சூட்டிலிருந்து தள்ளி மறுபக்கம் வையுங்கள். ஷன்ட் டிகிரிக்கு 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) இருந்தால் 40 டிகிரி ஏறினாலும் 0.1 சதவீதத்தோடு முடியும்.

புதிய போர்டு வந்ததும் எட்டையும் ஷார்ட் செய்து, மூடிய பேனலுக்குள் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அந்த மூன்றாவது சேனலின் ரீடிங் காலையில் எவ்வளவு நிற்கிறது என்று இங்கே போடுங்கள்.